தோற்ற ஆட்டத்தை வாசித்தல்: கே. ராஜகோபாலின் 2009, 2010 ஆட்டப் பதிவுகள் குறித்து ஒரு மறுபார்வை

மலேசியக் காற்பந்து அணியை வழிநடத்திய கே. ராஜகோபாலின் பயிற்றுநர் வாழ்க்கையை எடைபோடும் எழுத்துகள் பெரும்பாலும் 2010 டிசம்பர் 29 அன்று ஜகார்த்தாவில் முடிந்த ஆசியான் சுசுகி கிண்ண இறுதியாட்டத்தையே மையமாகக் கொள்கின்றன. அதே திடலில் அதே மாதம் 1ஆம் தேதி நடந்த குழுநிலை ஆட்டம் ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறது. அன்று மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. நான்கு வாரம் கழித்து, அதே எதிரணியை இரண்டு சுற்றுகளின் மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று, 1996இல் தொடங்கிய அந்தப் போட்டியில் முதன்முறையாகக் கிண்ணத்தைப் பெற்றது. அந்த 1-5ஐ எப்படி வாசிப்பது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சிக்கல்.

இதுவரை மேலோங்கி நிற்கும் வாசிப்பு எளிமையானது. 1-5தான் அணியின் உண்மையான அளவு. பின்னர் வந்தவை சூழ்நிலையின் கொடை. தாய்லாந்து தன் குழுவிலேயே தடுக்கி விழுந்தது, கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கு நிரம்பி வழிந்தது, ரசிகர்கள் சிலர் லேசர் ஒளி பாய்ச்சினார்கள். இந்த வாசிப்பு ஓராண்டு முந்தைய பதிவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க முடியாது.

2009 டிசம்பரில் வியந்தியானில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில், 23 வயதுக்குட்பட்டோர் அணி குழுநிலையில் வியட்நாமிடம் 1-3 என்று தோற்றது. தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது, லாவோசை வென்றது, டிசம்பர் 17 அன்று இறுதியாட்டத்தில் அதே வியட்நாமை 1-0 என்று வென்று, 1989க்குப் பிறகு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தது. வியட்நாமின் பயிற்றுநர் சாதாரணமானவர் அல்லர். போர்த்துக்கலில் ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநரான என்ரிக் கலிஸ்தோ, லாங் ஆன் கழகத்துக்கு 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் வியட்நாமிய லீக் பட்டத்தையும், தேசிய அணிக்கு 2008 ஆசியான் கிண்ணத்தையும் வென்று தந்தவர்.

இறுதியாட்டத்தின் ஒரே கோல் கடைசிக் கட்டத்தில் வியட்நாமின் மாய் சுவான் ஹோப் தம் வலைக்குள்ளேயே போட்டது. இதைக் காட்டி, அந்த வெற்றியில் முறைமை எதுவும் இல்லை என்பர். கோல் எப்படி வந்தது என்பதில் மட்டும் கண்வைப்பவர்களுக்கு அது போதுமான சான்றாகத் தோன்றலாம். கோல் ஏன் வரவில்லை என்பதுதான் இங்கு முக்கியம். குழுநிலையில் மலேசியாவுக்கு எதிராக மூன்றும், அரையிறுதியில் சிங்கப்பூருக்கு எதிராக நான்கும் அடித்த அணி, இறுதியாட்டம் முழுவதும் ஒன்றுகூட அடிக்கவில்லை. ஓராண்டு கழித்து, 2010 அரையிறுதியில் ராஜகோபாலும் கலிஸ்தோவும் மீண்டும் மோதினர். புக்கிட் ஜாலிலில் தாக்குதல் ஆட்டக்காரர் சாஃபி சாலியின் இரண்டு கோல்களால் 2-0, ஹனோயில் 0-0. அந்த 1-3க்குப் பிந்தைய மூன்று சந்திப்புகளில், அதாவது 270 நிமிடங்களில், கலிஸ்தோவின் அணிகள் ராஜகோபாலின் வலையை ஒருமுறையும் தொடவில்லை. வயதுவரம்பு அணியையும் முழுத் தேசிய அணியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது சரியே. ஆனால் இரு பக்கமும் பயிற்றுநர்கள் மாறவில்லை. வியந்தியானில் ஆடிய மலேசியர்களில் பலர் 2010 அணியிலும் இருந்தனர்.

இப்போது 1-5க்குத் திரும்பலாம். 2010 போட்டியில் மலேசியா ஏழு ஆட்டங்களில் 12 கோல் அடித்து 8 கோல் வாங்கியது. வாங்கிய எட்டில் ஐந்து முதல் ஆட்டத்திலேயே போனவை. எஞ்சிய ஆறு ஆட்டங்களில் மூன்றே: லாவோசிடம் ஒன்று, இறுதியின் இரண்டாம் சுற்றில் இரண்டு. அந்த இரண்டும், புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்ற முன்னணியோடு ஜகார்த்தாவில் இறங்கி, சாஃபி சாலி இன்னொரு கோலும் போட்ட பிறகே விழுந்தன. முதல் ஆட்டம் அணியின் அளவு என்றால் மற்ற ஆறும் விதிவிலக்கா? ஆறை விதிவிலக்காக்கி ஒன்றை விதியாக்கும் கணக்கு விசித்திரமானது. 2009, 2010 இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு வடிவம் துலங்குகிறது: முதல் சந்திப்பில் பெருந்தோல்வி, இரண்டாம் சந்திப்பில் கதவடைப்பு. தோற்ற ஆட்டமே இந்தப் பயிற்றுநருக்குப் பாடநூலாக அமைந்தது என்று, உரிய தயக்கத்துடனேயே, கொள்ளலாம். வேண்டுமென்றே தோற்றார் என்று யாரும் சொல்லவில்லை.

லேசர் வாதத்துக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. புக்கிட் ஜாலிலில் நடந்த இறுதியின் முதல் சுற்றில், இந்தோனேசிய ஆட்டக்காரர்களின் எதிர்ப்பால் ஆட்டம் சிறிது நேரம் நின்றது; தொடர்ந்த பிறகு ஏறக்குறைய 12 நிமிட இடைவெளியில் மூன்று கோல்கள் வந்தன. ரசிகர்களின் செயல் கண்டிக்கத்தக்கதே. ஆனால் ஹனோயின் 0-0க்கும் ஜகார்த்தாவில் சாஃபி போட்ட கோலுக்கும் புக்கிட் ஜாலிலின் லேசர் எப்படிக் காரணமாகும்?

இன்னொரு வாசிப்பு தமிழர்களிடையே செல்வாக்குள்ளது. கோல்காவலர் ஆர். ஆறுமுகம் முதல் ராஜகோபால் வரை எல்லாரையும் தோட்டப்புறத் திடலின் பிள்ளைகளாகக் காணும் வாசிப்பு அது. கெடாவின் மெர்போக், பீடோங், சுங்கை பட்டாணிப் பகுதிகளில் இதை மறுத்துப் பேசுவது எளிதல்ல. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்ட மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த பிறகும், லயத்துக்கு எதிரே இருந்த திடல் நினைவில் பெரிதாகவே நிற்கிறது. ஆனால் ராஜகோபால் சிலாங்கூருக்கு ஆடியவர். கோலாலம்பூர் வட்டார நகரக் காற்பந்து உருவாக்கிய ஆட்டக்காரர். அதைவிட அடிப்படையான முரண் ஒன்று உண்டு. தோட்டங்களில் பரவலாக ஆடப்பட்டது எழுவர் காற்பந்து: காலையில் தொடங்கி மாலைக்குள் முடியும், தோற்ற அணி பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அங்கே இரண்டாம் சந்திப்பு என்பதே கிடையாது. ராஜகோபாலின் வலிமையோ இரண்டாம் சந்திப்பில்தான் வெளிப்படுகிறது. தோட்டத் திடல் வேகத்தையும் துணிவையும் கற்றுக்கொடுத்திருக்கலாம். தோல்வியை வைத்துக்கொண்டு வேலைபார்க்கும் பொறுமையைக் கற்றுத்தர அதற்கு நேரம் இருந்ததில்லை.

2009 முதல் 2011 வரை உள்ளூர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்ததும் உதவியது. சாஃபி சாலி, நோர்ஷாருல் போன்றோருக்குக் கழக அணிகளில் முன்வரிசை இடம் கிடைத்தது. ஆனால் அதே வசதி இருந்த காலத்திலேயே அணி முதல் சந்திப்புகளில் சரிந்ததையும் தடை விளக்கியாக வேண்டும், அது விளக்குவதில்லை.

2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3-5, பிறகு 1-1; மொத்தத்தில் மலேசியா வெளியேறியது. இதைத் தோல்வி என்று மட்டும் பதிவுசெய்வது வழக்கம். ஐந்து கோல் வாங்கிய அணி சில நாளில் ஒன்றோடு நிறுத்தியது என்பதும் அதே பதிவில் இருக்கிறது. 2012 சுசுகி கிண்ணத்திலும் முதல் ஆட்டம் புக்கிட் ஜாலிலிலேயே சிங்கப்பூரிடம் 0-3. பிறகு லாவோசையும் இந்தோனேசியாவையும் வென்று அரையிறுதி. அங்கே தாய்லாந்திடம் 1-1, 0-2. இரு சுற்று ஆட்டமாக இருந்தும் இரண்டாவதில் நிலைமை மோசமானது என்பதால், மேற்சொன்ன வடிவத்துக்கு இது உண்மையான இடர்ப்பாடு. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுக் கிண்ணத்தைப் பெற்றது சிங்கப்பூர். குழுநிலையில் தன் அணியை 3-0 என்று வென்ற அந்த அணியை ராஜகோபால் அப்போட்டியில் மறுபடி சந்திக்கவே இல்லை. 2013 இறுதியோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. 2014இல் டோலா சாலே பொறுப்பேற்றார்.