ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு

ஆசிரியர் ஒருவர், வகுப்போ ஐந்து. அவருக்குள்ள கைகள் இரண்டு. அவரை நோக்கி நீளும் பிஞ்சுக் கைகளோ எத்தனை எத்தனை! முதல் வகுப்புப் பிள்ளைக்கு அகரம் எழுதக் காட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கை விளக்க வேண்டும். இரண்டும் ஒரே அறையில், ஒரே வேளையில்! எந்த ஏட்டை எவரிடம் தருவது? எந்தப் பாடத்தை எவர் தாமே படிப்பது? எவர் காத்திருப்பது? காத்திருக்கும் பிள்ளையின் கருத்து கதவு வழியே கடந்து போகாமல் காப்பது எங்ஙனம்?

சிறு பள்ளிகளில் பணியாற்றும் நாம் நாள்தோறும் விடை தேடும் வினாக்கள் இவை. நமக்கென்று மட்டும் வந்து வாய்த்த இக்கட்டு இது என்று எண்ணிவிட வேண்டாம். இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சிறந்த ஏடொன்று சென்னை எழும்பூரில் எழுதப்பட்டது. அண்மைக்கால ஏடொன்று புழலுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. இரண்டையும் ஒருசேரப் புரட்டிப் பார்த்தால், பிள்ளைகளுக்காகப் பிறந்த ஒரு முறை எப்போது அவர்களுக்குத் துணை நின்றது, எப்போது பணப்பெட்டிக்குக் காவல் நின்றது என்பது விளங்கும்.

பல வகுப்புகளை ஒருவரே நடத்துவது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் விந்தையன்று. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருப்பின் ஆசிரியர் இருவர் என்கிறது அதன் அட்டவணை. வகுப்போ ஐந்து. பங்கிட்டால் ஒருவருக்கு இரண்டு, மற்றவருக்கு மூன்று. சட்டம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறினாலும், சிறு பள்ளி ஒவ்வொன்றும் பல்வகுப்புப் பள்ளியாகவே இருக்கும். ஆகவே இது சட்டம் மீறப்பட்டதால் வந்த நிலையன்று. சட்டத்துக்கு உள்ளேயே அமைந்துவிட்ட நிலை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குச் செல்வோம். அங்கே வகுப்பு என்ற தடுப்பே கிடையாது. அரிச்சுவடி தொடங்கிய சிறுவனும் எண்சுவடி முடித்த சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். அச்சிட்ட நூல் இல்லை, காகிதம் அரிது. பரப்பிய மணலே பலகை, விரலே எழுதுகோல். எழுத்து கைவந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும். கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லித் தருவான். ஆசிரியர் அயர்ந்த வேளையிலும் அகன்ற வேளையிலும் சட்டாம்பிள்ளை பள்ளியை நடத்துவான். வறுமை வகுத்த வழி அது. எனினும் அறிவு நிறைந்த வழி.

அந்த வழியைக் கண்டு வியந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1787இல் இந்தியாவுக்கு வந்த அவர், 1789இல் சென்னையில் நிறுவப்பட்ட இராணுவ ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியின் கண்காணிப்பாளரானார். படைவீரர்களின் பிள்ளைகள் அங்கே பயின்றனர். நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்ட பெல், அதையே தம் விடுதியிலும் செய்யப் பணித்தார். உதவியாசிரியருக்கு அது உவப்பாக இல்லை. 'ஆகாது' என்று அவர் தட்டிக்கழிக்கவே, எட்டே வயது நிரம்பிய ஜான் பிரிஸ்கன் என்ற சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார் பெல். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான்!

1796இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டே தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். அம்முறைக்கு அங்கே 'சென்னை முறை' என்றே பெயர் வழங்கிற்று. 1798இல் ஜோசப் லங்காஸ்டர் என்பார் இலண்டனில் இதையொத்த முறையில் பள்ளி தொடங்கினார். 1811இல் அமைந்த திருச்சபைக் கல்விக் கழகம் பெல்லின் முறையைத் தன் பள்ளிகளிலெல்லாம் பரப்பிற்று. 1832இல் மறைந்த பெல், வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மணலைப் பரப்பி எழுத்தைக் காட்டிய நம் திண்ணை ஆசிரியருக்கோ பெயர்கூட எஞ்சவில்லை.

ஆனால், ஆங்கில நாடு அம்முறையை அத்துணை ஆர்வத்தோடு அணைத்துக் கொண்டதேன்? அறிவு வேட்கை மட்டுமா காரணம்? அன்று. அது மலிவானது! ஆலைகள் பெருகிய நகரங்களில் ஏழைக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு கிடந்தனர். ஆசிரியர் ஒருவருக்கு ஊதியம் கொடுத்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்துவிடலாம். திண்ணையில் தோழமையாய் இருந்தது கூடத்தில் இயந்திரமாயிற்று. சிறுவன் சொன்னதைச் சிறுவர்கள் சொன்னார்கள். பொருள் புரிந்ததா என்று கேட்பாரில்லை. கடைசியில் அந்நாட்டவரே அதன் குறையை உணர்ந்தனர். 1846இல் பயிற்சி மாணவ ஆசிரியர் என்ற புது ஏற்பாட்டுக்கு அரசு உதவி வழங்கத் தொடங்கிற்று. பழைய முறை படிப்படியாக மறைந்தது.

திண்ணைப் பள்ளியைப் போற்றும் நாம், அதன் புண்ணையும் மறைத்தலாகாது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்டு எடுக்கச் செய்த கணக்கு 1826 மார்ச்சில் தொகுக்கப்பட்டது. மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள். பயின்றோர் 1,88,650 பேர். பெரிய எண்தான். பெருமைப்படுவோர் இந்த இடத்திலேயே ஏட்டை மூடிவிடுகின்றனர். நாம் அடுத்த வரியையும் படிப்போம். அவர்களுள் ஆண்கள் 1,84,110, பெண்கள் 4,540. நூற்றுக்கு மூவர்கூடப் பெண்கள் இல்லை! தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கோ, பெரும்பாலும் அத்திண்ணையின் நிழல்கூடக் கிட்டவில்லை. கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லித் தந்தான் என்றோம். யார் அந்தக் கல்லாதவன்? உள்ளே அமர உரிமை பெற்றவன் மட்டுமே.

இடம் பெற்றவரையும் வறுமை விரட்டிற்று. பல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில், சிக்கனமாக எழுதப் பழக்கும் நம் முறையையும் முன்னவன் பின்னவனுக்குக் கற்பிக்கும் முறையையும் பாராட்டினார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தக்கதே என்றார். அதே அறிக்கையில், நெசவு நலிந்து மக்கள் ஏழ்மையுற்றதால் பிள்ளைகள் பள்ளியை விட்டு அகல்வதையும் குறித்தார். முறை நன்று, வயிறு காய்ந்தால் முறை என்ன செய்யும்?

சிக்கனம் என்ற சொல் மீண்டும் ஒருமுறை நம் பள்ளிகளின் கதவைத் தட்டிற்று. 1953இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றனர். உள்ள ஆசிரியரையும் உள்ள கட்டடத்தையும் கொண்டே இன்னும் பல பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது ஆட்சியினர் காட்டிய கணக்கு. கணக்கு நேர், கருத்துத்தான் கோணல்! வண்ணார் மகன் வெளுக்கவும், குயவர் மகன் வனையவும், மற்றவர் மகன் படிக்கவும் வழிகோலும் திட்டம் அன்றோ அது? குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயர் சூட்டிற்று. எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அதன் பின்னர் வந்த ஆண்டுகளில் பள்ளியில்லாத சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. அவையும் ஒருவர் நடத்திய பள்ளிகளே. ஆயினும் நோக்கம் வேறு. முன்னது இருந்த நேரத்தைக் குறைத்தது. பின்னது இல்லாத ஊருக்குப் பள்ளியைக் கொடுத்தது. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. பலகை, நாற்காலி, நிலப்படம், நூல் என்று இயன்றதை மக்கள் தம் பள்ளிக்கு வழங்கினர். ஆசிரியர் ஒருவராயினும் அவர் கை வெறுங்கையாக இருத்தலாகாது என்று ஊரே உணர்ந்த காலம் அது. 1987இல் நடுவண் அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டமும் இதே உணர்வில், பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், இன்றியமையாத கற்பித்தல் பொருள்கள் என்று வரையறுத்தது.

பொருளைக் கொடுத்தால் போதுமா? அதை அடுக்கும் அறிவு வேண்டாவா? அந்த அறிவு, ஆந்திர நாட்டு ரிஷிவேலிப் பள்ளத்தாக்கின் சிற்றூர்ப் பள்ளிகளில் உருப்பெற்றது. அதைக் கண்ட எம். பி. விஜயகுமார், சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் புகுத்தினார். செயல்வழிக் கற்றல் என்று பெயர் பெற்ற அம்முறை, 2007 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் பரவிற்று.

அதில் பாடநூல் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தது. அட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஓர் எண். சுவரிலே ஏணிப்படி போன்ற அட்டவணை. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்து, தனக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் துணை முழுதும் வேண்டுவோர் ஒரு குழு. சிறிது வேண்டுவோர் ஒரு குழு. தோழர் துணையால் கற்போர், தாமே பயில்வோர், தம்மைச் சோதித்துப் பார்ப்போர் எனத் தனித்தனிக் குழுக்கள். கரும்பலகை பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கிற்று. ஆசிரியரும் நாற்காலியை விட்டுப் பாயில் வட்டமாய் அமர்ந்தார். முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் மறைந்தது. திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் பேரப்பிள்ளை, அந்த வட்டத்தில் ஆசிரியரின் தோளோடு தோள் உரச உட்கார்ந்தது. இது வெறும் கற்பித்தல் மாற்றமா? சமுதாய மாற்றம் அன்றோ!

குறையும் இருந்தது. அட்டை கிழிந்தால் வேறு அட்டை வர வேண்டும். ஒன்று தொலைந்தால் ஏணியில் ஒரு படி உடைந்ததற்கு ஒப்பு. புது அட்டை வராத இடத்தில் ஏணி சுவரில் இருந்தும் ஏறுவதற்கு வழியில்லை.

பின்னர் வந்தது பெருந்தொற்று. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. மூன்றாம் வகுப்பில் பெயர் இருக்கும். முதல் வகுப்புப் பாடம் தெரியாது. இந்த இடைவெளியை அடைக்க எழுந்ததே எண்ணும் எழுத்தும் திட்டம். 2022 ஜூன் 13ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்த இடம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம். நம் புழல் ஏரிக்கு அருகிலுள்ள ஊர். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் வகுப்பின் பெயரால் பாராமல், அறிந்த அளவால் அரும்பு, மொட்டு, மலர் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பயிற்சி நூல் தருவது அதன் அமைப்பு. 2023இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது நீண்டது.

புழல் வட்டாரத்துக்கு இந்த அமைப்பின் அருமை நன்கு விளங்கும். செங்குன்றத்து அரிசி ஆலைகளுக்கும் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கும் வேலை தேடி வந்தோரின் பிள்ளைகள் உண்டு. கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் வாழும் முகாமும் இங்கே உண்டு. ஆண்டின் நடுவில் வருவர், நடுவில் போவர். 'நீ எந்த வகுப்பு?' என்று கேட்டால் அப்பிள்ளை விழிக்கும். 'உனக்கு எதுவரை தெரியும்?' என்று கேட்டால் முகம் மலரும். முதல் கேள்வி வயதைப் பார்த்துப் பூட்டுகிறது. இரண்டாம் கேள்வி அறிவைப் பார்த்துத் திறக்கிறது.

ஆகவே வரலாறு நமக்குத் தரும் பாடங்களைத் தொகுத்துக்கொள்வோம். பொருள்களை வகுப்பின்படி அடுக்காமல் நிலையின்படி அடுக்குவோம். தமிழுக்கொரு தட்டு, கணக்குக்கொரு தட்டு. எளியது கீழே, அரியது மேலே. எண்ணிட்டு வைத்தால், எடுத்த பிள்ளையே எடுத்த இடத்தில் வைக்கும். சொல்லித் தரும் பொறுப்பைச் சுழற்சியாகத் தருவோம். ஒருவனே சட்டாம்பிள்ளையாகி ஆளவேண்டாம், பெண்குழந்தையும் முறை வரும்போது முன்னின்று கற்பிக்கட்டும். தாமே பயில்வோருக்கு ஒரு வேளைக்கு வேண்டிய பயிற்சியைக் காலையிலேயே ஆயத்தம் செய்துவிட்டால், அகரம் தொடங்கும் குழந்தையின் அருகே அமர ஆசிரியருக்கு நேரம் கிட்டும். அடுக்குவதன் பயன் அந்த நேரம்தான்!

இதை ஆள்வோரும் அறிதல் வேண்டும். மணலும் அட்டையும் பயிற்சி நூலும் ஆசிரியருக்குத் துணை. ஆசிரியருக்கு மாற்று அல்ல. 'தட்டுகள் நன்றாக அடுக்கப்பட்டுள்ளன, இரண்டாம் ஆசிரியர் எதற்கு?' என்று எவரேனும் கேட்பாராயின், பழைய ஆங்கிலக் கூடத்தின் கதையை அவருக்கு எடுத்துச் சொல்வோம். ஏழைப் பிள்ளைக்கு மலிவான கல்வி போதும் என்ற எண்ணம் எந்த உடையில் வந்தாலும், அதை இனங்கண்டு வாயிலிலேயே நிறுத்துவோம். முறையைக் காப்போம், அதை முன்னிட்டு உரிமையை இழக்க ஒப்போம்!