பேராசிரியர் தவானும் பெங்களூர்க் காற்றுச் சுரங்கமும்

இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1942-ஆம் ஆண்டில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆகாய விமானப் பொறியியல் துறை தொடங்கப்பட்டபோது, அந்தச் சாஸ்திரத்தை நம் நாட்டிலேயே பயிற்றுவிக்க வேண்டும் என்ற சங்கற்பம் பெரிதாக இருந்தது. அதற்கான கருவிகளோ சொற்பமே. அத்துறையைப் பிற்காலத்தில் உலகறியச் செய்தவர்களுள் தலையாயவர் சதீஷ் தவான். 1920-ல் ஸ்ரீநகரில் பிறந்து, லாகூரிலிருந்த பஞ்சாப் சர்வகலாசாலையில் கணிதம், பௌதிகம், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் ஆகிய அனைத்தையும் கற்று, பின்னர் அமெரிக்காவின் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) நிறுவனத்தில் ஹான்ஸ் லீப்மன் என்னும் ஆசிரியரிடம் ஆராய்ந்து 1951-ல் டாக்டர் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டிலேயே பெங்களூர் வந்து சேர்ந்தார்.

கால்டெக்கில் அவர் செய்த ஆராய்ச்சி சற்று விரித்துரைக்கத் தக்கது. விரைந்து செல்லும் விமானத்தின் மேற்பரப்பைத் தொட்ட காற்று அதனோடே ஒட்டி நிற்க, அதற்கு மேலுள்ள மெல்லிய படலம் இழுபட்டு உராய்கிறது. இவ்வுராய்வை அதுவரை பெரும்பாலும் படலத்தின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டே அறிந்து வந்தனர். தவானோ, தட்டையான பலகையொன்றில் சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டு, அசையுமாறு பொருத்தி, காற்று அதை இழுக்கும் அற்ப விசையையே நேராக அளந்து காட்டினார். ஒலியினும் விரைந்த காற்றோட்டத்திலும் அவ்வாறே அளந்தார். இந்தப் பொறுமையும் நுட்பமுமே பிற்பாடு அவருடைய மாணவர்களுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் என்பது என் எண்ணம்.

மாதிரிகளின் மீது காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் கருவியே காற்றுச் சுரங்கம். பெங்களூரில் அவர் முதலில் அமைத்த ஒலிமிஞ்சிய வேகக் காற்றுச் சுரங்கத்தின் சோதனைப் பகுதி, ஒரு புறம் 1 அங்குலமும் மறுபுறம் 3 அங்குலமுமே கொண்டது. பெரும் திரவியத்துக்குக் காத்திராமல் தொடங்கிய அந்த முயற்சியின் சூழலில்தான் ரொத்தம் நரசிம்மா போன்ற மாணவர்கள் உருவாயினர். அமைதியான காற்றோட்டம் கொந்தளிப்பாக மாறும் விதம் குறித்து தவானும் நரசிம்மாவும் 1958-ல் வெளியிட்ட கட்டுரையை அத்துறையினர் இன்றளவும் எடுத்தாளுகின்றனர்.

தவான் 1962-ல் கழகத்தின் இயக்குநரானார். 1971-ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய விண்வெளித் திட்டத்தை நடத்திவந்த விக்ரம் சாராபாய் காலமானபின், அப்பணியை ஏற்குமாறு பிரதமர் இந்திரா காந்தி அழைத்தபோது, கழகப் பொறுப்பை விடுவதில்லை என்றும், விண்வெளிப் பணியின் தலைமை அலுவலகம் பெங்களூரில் அமைய வேண்டும் என்றும் நிபந்தனை கூறியே சம்மதித்தார். அவர் தலைமையில் 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் தோல்வியுற்றதும், 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை வானேற்றியதும் யாவரும் அறிந்தவை.

பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்தும் ஒரு நூல் எழுதிய அப்பெரியார் 2002 ஜனவரி 3 அன்று மறைந்தார். பழவேற்காடு ஏரியை அடுத்த ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவ்வாண்டிலேயே அவர் பெயர் சூட்டப்பட்டது. மிகவும் தகுந்த கௌரவமே. ஆயினும் அவரை முதற்கண் ஓர் ஆசிரியராக வைத்து எண்ணுவதே நியாயம் என்பேன்.