லோத்ரா முதல் அமுக்கரா வரை: பெண்களுக்கு விற்கப்பட்ட மருந்துகளின் கதை

திருத்தணி என்றதும் முருகன் கோயிலும் 365 படிகளும்தான் நினைவுக்கு வரும். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர் இது. 1953-ல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. ம.பொ.சி. முதலானோர் போராடியதன் பலனாக 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எல்லைக்கோடு மாறினாலும் இரு மொழிக்காரர்களுக்கும் பொதுவாக இருந்த ஒரு வியாபாரம் உண்டு. அதுதான் பெண்களுக்கான மூலிகை மருந்து!

ஓங்கோல் பக்கம் பிறந்து, சிறுவனாகச் சென்னைக்கு வந்தவர் கே.என். கேசரி. அவருடைய 'கேசரி குடீரம்' தயாரித்த 'லோத்ரா' கருப்பைக் கோளாறுகளுக்கான மருந்தாகப் புகழ் பெற்றது. லோத்ரா என்பது ஒரு மரத்தின் பெயர். தமிழில் வெள்ளிலோத்தி. அதன் பட்டை வெள்ளைப்படுதலுக்கும் அதிக உதிரப்போக்குக்கும் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்டது. 1928-ல் கேசரி 'கிருகலக்ஷ்மி' என்ற தெலுங்கு மாத இதழையும் பெண்களுக்காகத் தொடங்கினார். மருந்து வாங்க வேண்டியவர்களே பத்திரிகையின் வாசகர்கள். இன்றைய மார்க்கெட்டிங் பாடத்தில் சொல்வதை அன்றே செய்திருக்கிறார்!

ஆனால் இதில் ஒரு இடைவெளி இருந்தது. பெண்ணுக்கான மருந்து என்றால் மாதவிடாய், கருப்பை, குழந்தைப்பேறு. தாம்பத்திய சுகம் என்றால் அது ஆணுக்கான மருந்து. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்றான வாஜீகரணமும் பெரும்பாலும் ஆணை நோக்கியே பேசுகிறது. வேலைச்சுமையாலும் கவலையாலும் ஒரு பெண்ணுக்கு நாட்டம் குறைந்தால் அதைப் பற்றிப் பேசுவாரில்லை.

விளம்பரங்கள் எல்லை மீறியதால் 1954-ல் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் வந்தது. 1955 ஏப்ரல் 1-ல் அமலானது. பாலியல் இன்பத்துக்கான திறனைக் கூட்டும், மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்றெல்லாம் மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றமானது. பொய் வாக்குறுதிகளிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம். ஆனால் சட்டத்தால் விளம்பரத்தைத்தான் தடுக்க முடியும். பெண்ணின் கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாதே!

அந்தப் பதிலைத் தேடும் ஆய்வு வெகு தாமதமாக வந்தது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பழகிய அமுக்கரா கிழங்கைத்தான் இன்று அஸ்வகந்தா என்று மாத்திரையாக விற்கிறார்கள். 2012-ல் 64 பேரிடம் 60 நாட்கள் நடந்த இந்திய ஆய்வில், அதன் சாறு சாப்பிட்டவர்களுக்கு மன அழுத்தமும் கார்டிசால் என்ற ஹார்மோனும் குறைந்தன. 2015-ல் 50 பெண்களிடம் 8 வாரம் ஆய்வு நடந்தது. தினம் இரு வேளை 300 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கிளர்ச்சி, திருப்தி போன்றவை கூடியதாக அது சொன்னது. மன அழுத்தம் குறைந்தால் உடலும் இணங்கும் என்பது இதன் பின்னுள்ள கருத்து.

நல்ல செய்திதான். ஆனால் 50 பேர், 8 வாரம் என்பது மிகச் சிறிய கணக்கு. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு, கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. டென்மார்க் 2023-ல் தடையே விதித்தது.

லோத்ரா காலத்துப் பெண்ணிடம் கருப்பையைப் பற்றி மட்டும் பேசினார்கள். இன்றைய பெண்ணிடம் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசி மாத்திரையை நீட்டுகிறார்கள். வீட்டு வேலையும் அலுவலக வேலையும் ஒருத்தி தலையிலேயே இருக்கும்வரை, எந்தக் கிழங்கு அந்தச் சுமையை இறக்கி வைக்கும்? பாட்டிலை வாங்கும் முன் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை!