தீக்குச்சிச் சக்கரவர்த்தியும் கரிசல் காட்டுத் திண்ணைகளும்

பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட நியாயம். கம்ப்யூட்டர் தொழிலில் இதைக் கண்கூடாகவே பார்க்கிறோம். நாலு இளைஞர்கள் சேர்ந்து சின்னக் கம்பெனி ஒன்று வைத்து, இரவு பகலாக உழைத்து ஒரு மென்பொருளைச் செய்கிறார்கள். அதில் நாலு காசு வரத் தொடங்கியதும், அதே மாதிரி ஒன்றைப் பெரிய கம்பெனி செய்து, தன் சரக்கோடு இனாமாகக் கொடுத்து விடுகிறது. நெட்ஸ்கேப் என்ற சிறு கம்பெனி 1994-ல் கொண்டு வந்த உலாவிக்கு நேர்ந்த கதி இதுதான். மறு வருஷமே மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்புளோரரைக் காசு வாங்காமல் கொடுத்தது. 1998 முடிவதற்குள் நெட்ஸ்கேப் தன்னை இன்னொரு கம்பெனிக்கு விற்றுக்கொள்ள இசைந்து விட்டது.

இந்தக் கதையைக் கேட்டு மனம் சோர்ந்து போகிற வாலிபர்களுக்கு எங்கள் ஜில்லாக் கதை ஒன்றை நான் சொல்வதுண்டு. அதில் கம்ப்யூட்டர் கிடையாது, வெறும் தீப்பெட்டிதான்.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ஸ்வீடன் தேசத்தில் ஈவார் குரூகர் என்று ஒருவர் கிளம்பினார். ‘தீக்குச்சிச் சக்கரவர்த்தி’ என்று உலகம் அவரை அழைத்தது. பணமுடையில் தவித்த அரசாங்கங்களுக்கு அவர் கோடிக்கணக்கில் கடன் கொடுப்பார்; பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை வாங்கிக் கொள்வார். போலந்தும் ஜெர்மனியும் இப்படி அவர் கைக்குள் வந்தன. சிகரெட் பற்ற வைக்கிறவனெல்லாம் அவருக்குக் கப்பம் கட்டினான் என்றே சொல்லலாம்.

இந்தியாவில் அவருக்கு ஒரு தடை குறுக்கிட்டது. 1922-ல் வெள்ளைக்கார சர்க்கார் இறக்குமதித் தீப்பெட்டிக்குக் குரோஸுக்கு, அதாவது நூற்று நாற்பத்து நாலு பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. சுதேசித் தொழில் மீது அன்பு பொங்கியா போட்டார்கள்? கஜானாவை நிரப்பத்தான்! ஆனாலும் அந்த வரி ஒரு மதில் சுவராக நின்றது. சக்கரவர்த்தி என்ன செய்தார்? மதிலுக்கு வெளியே நிற்பானேன் என்று உள்ளேயே வந்து உட்கார்ந்து கொண்டார். 1923-ல் ‘வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி’ பம்பாயில் பிறந்தது. அதுதான் பிற்பாடு ‘விம்கோ’ என்று பெயர் எடுத்தது. பம்பாய்க்கு அருகில் அம்பர்நாத், வடக்கே பரேலி, சென்னைக்குப் பக்கத்தில் திருவொற்றியூர் என்று ஆலைகள் எழும்பின.

அதே சமயத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். சில மாதங்களில் திரும்பி வந்து, விம்கோ பிறந்த அதே 1923-ல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து யந்திரம் வரவழைத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. பிறகு யந்திரத்தை ஓரம் கட்டிவிட்டுக் கையை நம்பினார்கள்.

இங்கேதான் இந்தக் கதையின் சூட்சுமம் இருக்கிறது. எங்கள் காரியாபட்டிப் பக்கம் வந்து பார்த்தால் விளங்கும். மழை பொய்த்தால் கரிசல் காட்டில் புல்லும் முளைக்காது. வேலைக்கு ஏங்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை; காய வைக்க வெயிலுக்கும் குறைவில்லை. தீப்பெட்டி வேலையோ துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கத் தோதானது. மருந்து முக்குவதை மட்டும் தீப்பெட்டி ஆபீஸில் வைத்துக் கொண்டால் போதும். பெட்டி ஒட்டுவதைத் திண்ணையில் உட்கார்ந்தே செய்யலாம். என் சிறு வயதில் பசைக் கிண்ணமும் காகிதமுமாகப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து, ஊர்க் கதை பேசிக்கொண்டே பெட்டி ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண் கையைப் பார்க்காது. கை மாத்திரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

விம்கோ யந்திரத்துக்குக் கடன், வட்டி, தேய்மானம் எல்லாம் உண்டு. திண்ணைக்கு ஏது தேய்மானம்?

1932 மார்ச் 12-ந் தேதி பாரிஸ் நகரத்தில் குரூகர் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டு மாண்டார். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தால், இத்தாலி சர்க்காரின் கடன் பத்திரங்கள் என்று இருந்தவை அத்தனையும் போலி! சக்கரவர்த்தி போனாலும் விம்கோ போகவில்லை. ‘ஷிப்’ தீப்பெட்டியை விற்றுக்கொண்டு நிலையாக நின்றது. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் எக்சைஸ் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு யந்திர ஆலைக்கு அதிக வரி, கைத்தொழிலுக்குக் குறைந்த வரி என்று ஏற்பாடாயிற்று. இந்தத் தள்ளுபடிதான் சிறியவர்களுக்குக் கவசம். ‘சிறிய பட்டறை’ என்ற பெயர் கெடாமலிருக்க, ஒரே முதலாளியின் ஆபீஸ் மனைவி பேரிலும் மைத்துனன் பேரிலும் பல ஆபீஸ்களாகக் குட்டி போட்ட சாமர்த்தியமும் நடந்தது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டிகள் இந்தியா முழுவதும் பரவின. அவற்றின் வர்ண லேபிள்களை அடிக்க வந்த அச்சகங்கள் தனித் தொழிலாகவே வளர்ந்தன. கடைசியில் 2005-ல் ஐ.டி.சி. கம்பெனி விம்கோவை வாங்கிக் கொண்டது. மீன் திமிங்கிலத்தை ஜெயித்து விட்டது என்று கை தட்டலாம் அல்லவா?

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கைகள் யாருடைய கைகள் என்றும் கேட்க வேண்டும். கட்டையில் குச்சி அடுக்கியவர்களில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுமிகள். விடியுமுன் பஸ் வந்து அவர்களைக் கிராமங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகும். 1986-ல் சட்டம் இதைத் தடுத்தது. தடுத்தும் நிற்கவில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது: சிறுவர்களை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். பெரியவனை ஜெயித்த லாபக் கணக்கில், ஓர் எட்டு வயதுப் பெண் எழுதாமல் விட்ட சிலேட்டையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு நிற்கும்?

கவசமும் நிலைக்கவில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கூடக் கைத்தீப்பெட்டிக்கு 5, யந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவிகிதம் என்று பேதம் இருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று ஒன்றாக்கினார்கள். அதற்குள் நம் ஊர்க்காரர்களிலேயே பலர் யந்திரம் வைத்து விட்டார்கள். பிறகு சீனத்து பிளாஸ்டிக் லைட்டர் வந்து கழுத்தைப் பிடித்தது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்யக் கூடாதென்று 2023 ஜூனில் சர்க்கார் தடை போட்டது. மறுபடியும் ஒரு மதில்!

ஆகையால் என்னிடம் கதை கேட்கும் வாலிபர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூதத்தைக் கண்டு ஓட வேண்டாம். அதனால் செய்ய முடியாத ஒன்று உங்கள் ஊர்த் திண்ணையில் இருக்கும், தேடுங்கள். சர்க்கார் மதில் கட்டிக் கொடுத்தால் அதன் நிழலில் தூங்கிப் போகாதீர்கள். கட்டியவர்களே ஒரு நாள் இடிப்பார்கள். உங்கள் சரக்கு மலிவாக இருந்தால், அந்த மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று மாதம் ஒரு முறையாவது கணக்குப் பாருங்கள். அந்தக் கணக்கை நம் பெரியவர்கள் தாமாகப் பார்க்கவில்லை. கோர்ட்டார்தான் பார்க்க வைத்தார்கள்.