பெங்களூரு வான்வெளியில் சிறிய விமானங்கள்: விதிமுறைகள் என்ன?

பெங்களூருவின் வடபகுதியில் உள்ள ஜக்கூர் விமானதளத்தில் கர்நாடக அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி அமைந்துள்ளது. அதற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் எலஹங்கா விமானப் படைத் தளமும், வடகிழக்கே 2008-இல் திறக்கப்பட்ட கெம்பேகௌடா பன்னாட்டு விமான நிலையமும், தென்கிழக்கே எச்ஏஎல் விமான நிலையமும் உள்ளன.

இதனால், ஒற்றை என்ஜின் கொண்ட பயிற்சி விமானமும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதியின்றி இங்கு பறக்க இயலாது. அனுமதிக்கப்பட்ட பாதையையும் உயரத்தையும் விமானி வானொலியில் திரும்பக் கூறி உறுதிசெய்ய வேண்டும். கட்டுப்பாட்டாளர் வழங்கும் நான்கு இலக்கக் குறியீட்டை ‘டிரான்ஸ்பாண்டர்’ கருவியில் பதிவிட்டால்தான், ரேடார் திரையில் விமானத்தின் அடையாளமும் உயரமும் தெரியும். வானொலித் தொடர்பு துண்டிக்கப்பட்டால் 7600, அவசரநிலையில் 7700 என்ற குறியீடுகளைப் பதிவிட வேண்டும்.

1996 நவம்பர் 12-இல் ஹரியாணா மாநிலம் சர்க்கி தாத்ரி அருகே இரு விமானங்கள் நடுவானில் மோதியதில் 349 பேர் உயிரிழந்தனர். அதன்பின் பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. எனினும், எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் செயல்படாவிட்டால் அக்கருவியால் எச்சரிக்க இயலாது. எனவே, இருவர் மட்டுமே செல்லும் சிறிய விமானத்தில் உள்ள இக்கருவி, அருகே பறக்கும் பெரிய விமானத்தின் பயணிகளுக்கும் பாதுகாப்பாகும்.