சுவரில் ஒட்டிய பொக்கிஷம்!

சினிமா போஸ்டருக்கு ஆயுசு எத்தனை நாள்? படம் ஓடும்வரை! அப்புறம் மழை கரைக்கும், இல்லாவிட்டால் மாடு தின்னும். பாரிஸ் நகரில் ஓவியக் கண்காட்சிகளுக்கு ஒட்டிய போஸ்டர்களுக்கும் இதே தலையெழுத்துதான். தப்பிப் பிழைத்த காகிதங்களைத்தான் இன்றைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிறார்கள். ஏன் இந்த மவுசு?

கதை ஒரு கல்லில் ஆரம்பிக்கிறது. 1796 வாக்கில், பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடக ஆசிரியர் தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடினார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது இல்லையா... அதுதான் சூட்சுமம்! சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். நாலு வண்ணம் என்றால் ஒரே தாள் நாலு தடவை அச்சுக்குப் போய் வரணும். இதுதான் லித்தோகிராஃப்.

இதை ஓவியர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் பாரிஸ் அச்சக முதலாளி ஃபெர்னான் மூர்லோ. 1937-ல் பெத்தி பாலே கண்காட்சிக்கு மத்தீஸின் ஓவியத்தைப் போஸ்டராக்கினார். 1945 நவம்பரில் பிகாஸோவே அச்சகத்துக்குள் நுழைந்து, மாதக்கணக்கில் கல்லே கதி என்று கிடந்தார். பிறகு மிரோவும் வந்தார். கறுப்பாக ஒரு கோணல் கோடு, பக்கத்தில் தட்டையாகக் கொஞ்சம் சிவப்பு, மஞ்சள், நீலம். இது என்ன உருவம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே கண்ணைப் பிடித்து இழுக்கும். போஸ்டருக்கு வேறென்ன வேணும்?

வாங்கப் போகிறவர்கள் உஷாராக இருக்கணும். முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் பிரதி. கல் அச்சில் அந்தப் புள்ளி வரிசை இருக்காது. அளவையும் விசாரியுங்கள். 1959-ல் மூர்லோ இந்தப் போஸ்டர்களைச் சின்ன அளவில் அச்சிட்டு ஒரு புத்தகம் போட்டார். அதன் பக்கங்களைக் கிழித்து, தெருவில் ஒட்டிய போஸ்டர் என்று யாராவது உங்கள் தலையில் கட்டலாம்!

அடுத்த கேள்விதான் பெரிசு. கல்லில் வரைந்த கை யாருடையது? ஓவியரே வரைந்தவை உண்டு. அவர் ஓவியத்தைப் பார்த்து அச்சகக் கலைஞர் கல்லுக்கு மாற்றியவையும் உண்டு. பிகாஸோவுக்கு ஆன்ரி தெஷாம், ஷகாலுக்கு ஷார்ல் சோர்லியே அப்படி உழைத்தவர்கள். சில போஸ்டர்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் சோர்லியே பெயரைப் பார்க்கலாம். ஓவியரின் கைபட்டதற்கு விலை அதிகம். எழுத்துகளைச் சேர்க்கும் முன்பே நல்ல தாளில் அச்சடித்து, எண் போட்டு, ஓவியர் கையெழுத்திட்ட பிரதிக்கு இன்னும் அதிகம். கேலரி பெயர், தெரு, தேதி எல்லாம் அச்சான சுவர்ப் பிரதி அதைவிட மலிவு.

சந்தைக் கணக்கு அப்படி. நம் கணக்கு வேறு. புரியாத ஓவியம் என்று ஜனங்கள் ஒதுக்கியதை, எந்தத் தெருவில், எந்தத் தேதியில் அவர்கள் கண்ணில் காட்டினார்கள் என்பதற்கு அந்த மலிவுக் காகிதம்தான் சாட்சி. காசு கம்மியாக இருந்தால் கவலைப்படாதீர்கள்... எழுத்து இருப்பதையே வாங்குங்கள்!