நாய்கள் சுமந்த தபால்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், இவர் இனி பத்துப் பன்னிரண்டு நாளைக்கு அலாஸ்காவில்தான் குடியிருப்பார் என்று. உடம்பு நாகர்கோவிலில் இருக்கும். கண் மட்டும் கணினியில் ஒரு வரைபடத்தின் மேல் இருக்கும்.

அந்த வரைபடத்தில் சின்னச் சின்ன எண்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு சறுக்கு வண்டி. அதன் முன்னால் பதினாறு வரை நாய்கள், பின்னால் நின்று ஓட்டுகிற ஒரு மனிதர். அவரை அங்கே 'மஷர்' என்பார்கள். வண்டியில் ஒரு ஜிபிஎஸ் கருவி இருப்பதால் அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று உலகின் மறுகோடியில் இருக்கும் நானும் பார்க்கலாம். இந்தப் பந்தயத்தின் பெயர் இடிட்டராட். ஆங்கரேஜ் நகரில் தொடங்கி பெரிங் கடற்கரையில் உள்ள நோம் ஊரில் முடியும். தூரம் ஏறத்தாழ 1,000 மைல். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ரயிலில் போகிற தூரத்தை நாய் வண்டியில், பனியில் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் காலை ஆறு மணி என்றால் பந்தயம் தொடங்கும்போது அங்கே முந்தைய நாள் பிற்பகல் மூன்றரை. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் நான் காபி குடிப்பேன்.

"நாய் ஓடுவதில் உமக்கு என்ன ஐயா அப்படி ஒரு பிடிப்பு?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முப்பத்தாறு வருடம் தபால் துறையில் வேலை பார்த்தவனுக்கு இருக்கிற பிடிப்புதான். இந்தப் பந்தயம் ஓடுவது ஒரு பழைய தபால் பாதையில்.

நோமில் 1898இல் தங்கம் கிடைத்தது. 1908 கிறிஸ்துமஸ் அன்று உள்நாட்டில் இடிட்டராட் ஆற்றுப் பக்கமும் தங்கம் கிடைத்தது. கூட்டம் கூடியது. கோடையில் கப்பலும் படகும் போகும். அக்டோபர் கடந்து ஆறும் கடலும் உறைந்துவிட்டால் வெளி உலகத்தோடு இருந்த தொடர்பு நாய் வண்டி ஒன்றுதான். தெற்கே சீவர்ட் துறைமுகத்திலிருந்து நோம் வரை அமெரிக்க அரசே ஒரு குளிர்காலப் பாதையை அளந்து அமைத்தது. ஒரு நாள் பயணத்துக்கு ஒன்றாக வழியில் சத்திரங்கள் எழும்பின. வரும்போது தபாலும் சாமானும், போகும்போது தங்கமும் போயின.

தபால் வண்டி எதிரே வந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்கி வழிவிட வேண்டும். சத்திரத்தில் தபால்காரருக்குத்தான் நல்ல இடம், முதல் சாப்பாடு. இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் அஞ்சலோட்டக்காரர் ஞாபகம் வந்தார். 1951இல் இந்தியத் தபாலோடு சேரும் வரை இங்கே நடந்தது திருவிதாங்கூர் அஞ்சல். அஞ்சல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சலங்கை கட்டிய கோலைக் கையில் பிடித்து ஓடுவார். சத்தம் கேட்டவர்கள் ஒதுங்கி நிற்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெயில் தேசமோ பனி தேசமோ, தபாலுக்கு இருந்த மரியாதை ஒன்றுதான்.

1924 பிப்ரவரியில் கார்ல் பென் ஐல்சன் என்ற விமானி ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத் ஊருக்குத் தபாலை விமானத்தில் கொண்டு போனார். நாய் வண்டிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிற தூரம் சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நாய்த் தபாலின் காலம் முடியப் போகிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

ஆனால் முடிவதற்கு முன் அதற்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது. 1925 ஜனவரியில் நோமில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. நம் தலைமுறைக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். ஊருக்கு ஒரே மருத்துவர், கர்டிஸ் வெல்ச். அவரிடம் இருந்த மருந்து காலாவதியானது. புதிய சீரம் 3,00,000 யூனிட் ஆங்கரேஜ் ரயில்வே மருத்துவமனையில் இருந்தது. விமானத்தில் அனுப்பலாமா என்று பேச்சு எழுந்தது. அப்போதைய விமானங்களில் விமானி திறந்தவெளியில் உட்கார வேண்டும். அந்தக் குளிருக்கு அது ஆகாது என்று விட்டுவிட்டார்கள். நெனானா வரை ரயிலில் வந்த மருந்துப் பெட்டியை, அங்கிருந்து 674 மைல் நாய் வண்டிகள் கொண்டு போக வேண்டும். சாதாரணத் தபாலுக்கு அது மூன்று வாரத்துக்கும் மேலான பயணம்.

இருபது பேர் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு போனார்கள். அவர்களில் பலர் அந்தப் பாதையில் அன்றாடம் தபால் ஓட்டியவர்கள். பாதிக்கு மேல் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள். குளிர் பல இடங்களில் மைனஸ் 40க்கும் கீழே. எட்கர் காலண்ட் என்ற இளைஞர் சத்திரத்தை அடைந்தபோது கைகள் வண்டிப் பிடியோடு உறைந்து ஒட்டியிருந்தன, வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தார்கள் என்று சொல்வார்கள். சார்லி எவன்ஸின் முன்னணி நாய்கள் இரண்டும் குளிரில் விழுந்துவிட்டன. அவர் தானே வாரைப் பிடித்து நாய்களோடு வண்டியை இழுத்து நுலாட்டோ ஊருக்குக் கொண்டு சேர்த்தார். லெயோன்ஹார்ட் செப்பாலா என்பவர் நோமிலிருந்து எதிரே வந்து, ஷக்டூலிக் அருகே மருந்தை வாங்கிக்கொண்டு, உறைந்த கடலின் மேலேயே திரும்பினார். அவருடைய தலைநாய் டோகோவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லோரையும்விட அதிக தூரம், ஆபத்தான தூரம் ஓடியது அந்தக் கிழட்டு நாய்தான்.

மருந்து ஐந்தரை நாளில், பிப்ரவரி 2 விடியற்காலையில் நோம் போய்ச் சேர்ந்தது. கடைசிக் கட்டத்தை ஓட்டியவர் குன்னர் காசன். அவருடைய முன்னணி நாய் பால்டோ. பத்திரிகைகள் பால்டோவைத் தூக்கிப் பிடித்தன. அந்த வருடம் முடிவதற்குள் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அதற்குச் சிலையே வைத்துவிட்டார்கள். டோகோவை வெகுகாலம் உலகம் கண்டுகொள்ளவில்லை. காலண்டையும் எவன்ஸையும் இன்றைக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது தபால் இலாகாவில் இருந்தவர்களுக்குப் புதிதல்ல. கடைசியில் கதவைத் தட்டிக் கடிதத்தைக் கொடுப்பவரின் முகம்தான் ஜனங்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க ரயில் பெட்டியில் நின்றபடி தபால் பிரித்தவர்களின் முகம் தெரியாது. அதில் தப்பு சொல்வதற்கில்லை. ஆனால் சரித்திரம் எழுதுகிறவர்களாவது பத்தொன்பது பேரையும் சேர்த்து எழுத வேண்டும்.

விமானம் வந்த பிறகு நாய்த் தபால் ஊர் ஊராக நின்றது. செயின்ட் லாரன்ஸ் தீவில் செஸ்டர் நூங்வுக் என்பவர் 1963 வரை நாய் வண்டியில் தபால் கொண்டு போனார். அவரோடு அது முடிந்தது. அதே பத்தாண்டில் ஸ்னோமொபைல் என்ற பனி மோட்டார் வண்டி கிராமங்களுக்குள் வந்தது. மோட்டாருக்கு மீன் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு இருந்த நாய்கள் காணாமல் போயின.

இதைப் பார்த்து வருந்தியவர் ஜோ ரெடிங்டன். அலாஸ்காவை அமெரிக்கா விலைக்கு வாங்கியதன் நூற்றாண்டை ஒட்டி, டாரத்தி பேஜ் என்ற அம்மையார் நாய் வண்டிப் பந்தயம் ஒன்று நடத்த யோசனை சொன்னார். ரெடிங்டன் கைகொடுக்க, 1967இல் பழைய பாதையில் ஒரு சிறு பந்தயம் நடந்தது. 1973இல்தான் நோம் வரைக்குமான முதல் பந்தயம். 34 வண்டிகள் கிளம்பின, 22 போய்ச் சேர்ந்தன. வென்ற டிக் வில்மார்த்துக்கு 20 நாள் ஆனது. கடைசியாக வந்தவருக்கு 32 நாள். இன்று முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்பது பத்து நாளில் முடித்துவிடுகிறார்கள். 1978இல் டிக் மேக்கி ஒரே ஒரு வினாடியில் வென்றார். 1985இல் மற்றவர்கள் ஷக்டூலிக்கில் புயலுக்குப் பயந்து தங்கிவிட, லிபி ரிடில்ஸ் மட்டும் கிளம்பிப் போய் வென்றார். பந்தயத்தை வென்ற முதல் பெண் அவர். ரெடிங்டன் ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆனால் 1997இல், எண்பது வயதில், மறுபடியும் வண்டியில் ஏறி நோம் வரை போனார். முழங்கால் வலி என்று மாடிப்படி ஏற யோசிக்கும் நம்மைப் போன்றவர்கள் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் இனிப்பான கதை இல்லை. பந்தயத்தில் நாய்கள் இறந்ததுண்டு. 2024இல் மட்டும் மூன்று. இதை நிறுத்த வேண்டும் என்று விலங்கு நல அமைப்புகள் விடாமல் குரல் கொடுக்கின்றன. ஒவ்வொரு சாவடியிலும் மருத்துவர்கள் நாய்களைச் சோதிக்கிறார்கள், முடியாத நாயை இறக்கிவிட்டால் விமானத்தில் திருப்பி அனுப்புகிறார்கள், ஐந்து நாய்கள் மிஞ்சினால்கூடப் பந்தயத்தை முடிக்கலாம் என்பதெல்லாம் உண்மை. இறந்த மூன்றும் உண்மை. குழந்தைகளின் உயிருக்காக 1925இல் நாய்கள் இறந்ததும், பரிசுக்காக இன்று இறப்பதும் ஒன்றல்ல என்றே எனக்குப் படுகிறது. அதனால்தான் வரைபடத்தில் நான் முதலில் பார்ப்பது யார் முன்னால் போகிறார் என்பதை அல்ல; யார் ஓய்வு கொடுக்கிறார் என்பதை. ஓர் எண் நான்கு மணி நேரம் நகராமல் நின்றால் எனக்குச் சந்தோஷம். நாய்கள் வைக்கோலில் படுத்துத் தூங்குகின்றன என்று அர்த்தம்.

பனியும் குறைந்து வருகிறது. 2003, 2015, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் தெற்கே பாதை சரியில்லாமல் தொடக்கத்தையே வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இன்னும் எத்தனை மார்ச்சுக்கு இது ஓடுமோ.

இரண்டு வழக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன். நோமில், கடைசி வண்டி வந்து சேரும் வரை ஒரு விளக்கை எரியவிடுவார்கள். நாய்த் தபால் காலத்தில், வண்டி ஒன்று பாதையில் இருக்கிறது என்று தெரிந்தால் சத்திரக்காரர்கள் வெளியே விளக்கு மாட்டி வைப்பார்களாம். அந்த வழக்கத்தின் தொடர்ச்சி அது. கடைசியாக வருகிறவருக்கு ஒரு சிவப்பு லாந்தரைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். கேலிக்கு அல்ல, விடாமல் வந்து சேர்ந்ததற்கு.

இன்னொன்று, பந்தயத்தில் ஓடுகிற வண்டிகளில் இன்றும் ஒரு கட்டுத் தபால் உறை போகிறது. அவற்றுக்கு நோம் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறார்கள். முதலில் வந்தாலும் சரி, சிவப்பு லாந்தரோடு வந்தாலும் சரி, முத்திரை ஒன்றுதான்.